மாஸ்டரம்மா கேட்ட கேள்வி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் எல்லோரும் அவளை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மட்டும் நம்பி, முன்பின் தெரியாதவர்கள் கையில் உயிரைக் கொடுத்துச் சம்பாதிக்கிறவள். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் போகும்போது கண்ணை இறுக மூடிக்கொண்ட மாணவர்களை எல்லாம் பார்த்தவள். “அழறதா இருந்தா ஓரமா நிறுத்திட்டு அழுங்க, இண்டிகேட்டர் போட மறக்காதீங்க” என்று அவள் சொல்வது அங்கே பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்க இரண்டு வருடம் பிடித்தது.

முப்பத்தைந்து வயதில் ஒரு காலை விரல்கள் மடங்க மறுத்தன. கார்ச் சாவியைத் திருப்ப முடியவில்லை. முடக்குவாதம் என்றார் மூட்டு டாக்டர். வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறிப்போய்ச் சொந்த உடம்பையே அடிக்கிற நோய். தீராது, அடக்கி வைக்கலாம். வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை. திங்கட்கிழமை முழுக்க அடித்துப் போட்ட மாதிரி அசதி. மூன்று வருடம் கழித்து அந்த நோய் தனக்கொரு கூட்டாளியையும் அழைத்துவந்தது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். பிஸ்கட்டைக்கூடத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை. ஈரம் சுரக்கிற சுரப்பிகளையும் அதே சக்தி தாக்குகிறது என்று டாக்டர் சொன்னார். கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதினார், வாய்க்குத் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதோடு முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள்.

முடியவில்லை. கணவரோடு படுக்கையில் சேரும்போது உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி எரிய ஆரம்பித்தது. முதலில் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துப் பொறுத்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவர் தோளை நகத்தால் கிழித்தேவிட்டாள்.

கணவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடிவதற்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்து, பதினோரு மணிக்கெல்லாம் வேலை முடிந்து வீடு திரும்புவார். பெரிய உடம்பு, சின்னக் குரல். சிரித்தால் சத்தம் வராது, தோள்தான் குலுங்கும். தோளில் கீறல் விழுந்ததற்கு மறுநாள், தலையணையை எடுத்துக்கொண்டு முன் அறை சோபாவுக்குப் போய்விட்டார். தன் அலாரம் அவள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று காரணம் சொன்னார். பதினைந்து வருடமாக அதே அலாரம் அதே நேரத்துக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவளும் சரி என்று தலையாட்டினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் அவள் கையைத் தொட்டதெல்லாம் பாட்டில் மூடி திறந்து தருவதற்கு மட்டும்தான். மருந்தால் உப்பிப்போன கன்னமும், முண்டு முண்டாக வீங்கிய விரல்களும் அவருக்கு வெறுத்துவிட்டன என்று அவள் முடிவு கட்டினாள். அதைவிட, தானே உள்ளுக்குள் பட்டுப்போய்விட்டோமோ என்கிற பயம். ஊமை கண்ட கனவு மாதிரி யாரிடமும் சொல்ல வழியில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூட்டு டாக்டர் இருபத்தெட்டு மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். தூக்கம், பசி, முடி கொட்டுவது, எல்லாம் விசாரிப்பார். ஒருமுறை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, இன்னொரு விஷயம் என்று ஆரம்பித்தாள். கதவு திறந்திருந்தது. நர்ஸ் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் கார் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். பெண்களுக்கான டாக்டர். இருபத்தைந்து வருடமாகப் பிரசவம் பார்க்கிறவர். கணவருக்குப் பார்வை மங்கிவிட்டதால், இனி வீட்டு வண்டியைத் தானே ஓட்டியாக வேண்டும் என்று வந்திருந்தார். ஆபரேஷன் கத்தியைப் பிடிக்கும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் தந்தி அடித்தது. ஒவ்வொரு பாடத்திலும் மாஸ்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது, வந்த வழியே திரும்பிப் போனது. இப்படியே பதினோரு பாடங்கள்.

பன்னிரண்டாவது பாடம் மேம்பாலத்து ஏற்றத்தில். ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் நழுவவிடாமல் கிளப்ப வேண்டும். டாக்டரம்மா மூன்று முறை நழுவவிட்டார். மூன்று முறையும் மாஸ்டரம்மாதான் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக் காப்பாற்றினாள். நான்காவது முறை டாக்டரம்மா வாயே திறக்காமல், வேர்த்து விறுவிறுத்து, முன்னால் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பயமா இருந்தா பயமா இருக்குன்னு வாயை விட்டுச் சொல்லுங்க டாக்டர்” என்றாள் மாஸ்டரம்மா. “உள்ளேயே வச்சுக்கிட்டா பக்கத்துல இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?”

சொன்ன வார்த்தை அவள் காதிலேயே போய் விழுந்தது. இரண்டு வருடமாகத் தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று ஒரு நொடி யோசித்தாள். கைபிரேக்கை நன்றாக மேலே இழுத்து வைத்தாள்.

“டாக்டர், நான் ஒண்ணு கேக்கலாமா? வண்டியைப் பத்தி இல்ல.”

“கேளுங்க மாஸ்டர்.”

“எனக்கு இந்த நோயால கண்ணு காயுது, வாய் காயுது. கீழேயும் அப்படிக் காயுமா?”

டாக்டரம்மா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார். “காயும். உங்க நோய் இருக்கிற நிறைய பெண்களுக்குக் காயும். இதை யாருமே உங்ககிட்ட சொல்லலையா?”

“இல்ல. நான் மனசு மரத்துப்போச்சுன்னு நினைச்சுட்டு இருக்கேன்.”

“வலிச்சா மனசும் ஒதுங்கத்தான் செய்யும். ஆனா ஆரம்பம் சுரப்பி. கண்ணுக்குச் சொட்டு விடறீங்கல்ல? அதே மாதிரி இதுக்கும் வழி இருக்கு. நாளைக்கு என் கிளினிக்குக்கு வாங்க.”

பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. டாக்டரம்மா படபடப்பில் கியரைப் போட்டு, கிளட்சைத் தளர்த்தி, கைபிரேக்கை இறக்கி, வண்டியை ஓர் அங்குலம்கூட நழுவவிடாமல் பாலத்தின் உச்சிக்குக் கொண்டுபோனார். பாலத்தை விட்டு இறங்கி இரண்டு சிக்னல் தாண்டிய பிறகுதான் இருவருக்குமே அது உறைத்தது.

மறுநாள் கிளினிக்கில் கதவைச் சாத்தி, திரையை இழுத்து, டாக்டரம்மா ஆற அமரப் பரிசோதித்தார். கிருமி எதுவும் இல்லை. சதை வறண்டு மெலிந்திருந்தது. அதோடு இன்னொன்றும் சொன்னார். வலித்து வலித்துப் பழகியதால், தொட்டாலே அங்குள்ள தசைகள் தாமாக இறுகிக்கொள்கின்றன, அந்த இறுக்கம் வலியை இன்னும் கூட்டுகிறது. மூச்சை விட்டுக்கொண்டே அந்தத் தசைகளைத் தளர்த்துவது எப்படி என்று செய்துகாட்டினார். வறட்சிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை தடவ ஒரு களிம்பு, சேரும் நேரத்துக்கென்று வழுவழுப்பான ஒரு ஜெல் எழுதினார். குறைந்த அளவு ஹார்மோன் உள்ள கிரீம் ஒன்றையும் நினைத்திருந்தார். ஆனால் அதற்கு முன் மூட்டு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும் என்று அங்கேயே போனை எடுத்துப் பேசி, அவர் சரி என்றதும் அதையும் எழுதினார். வாராந்திர மாத்திரை போடுகிறவரை கர்ப்பம் கூடாது என்பதால், கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டதா என்றும் கேட்டுக்கொண்டார். மகள் பிறந்ததோடு ஆகியிருந்தது.

கடைசியில் ஒரு நிபந்தனை. நாலு வாரத்துக்குச் சேரவே கூடாது. பக்கத்தில் படுக்கலாம், தொடலாம், பேசலாம், அதற்கு மேல் கிடையாது. வலி வராது என்று உடம்பு முதலில் நம்ப வேண்டும் என்றார்.

மருந்துப் பையோடு படியிறங்கிய மாஸ்டரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் போகிற வருகிற பெண்களையெல்லாம் நிறுத்தி, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. அதே சமயம் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக எத்தனை ரத்தப் பரிசோதனை, எத்தனை எக்ஸ்ரே. ஒருத்தர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததா?

வீட்டில் மகளுக்குப் பரீட்சை விடுமுறை. பதினாலு வயது, சுவருக்குப் பின்னால் ஊசி விழுந்தாலும் கேட்கிற காது. அதனால் பயிற்சி வண்டியை நேரே பேக்கரி வாசலுக்கே ஓட்டிப்போனாள். மாவு படிந்த முழங்கையோடு ரொட்டிக்காரர் வெளியே வந்ததும் ஏறச் சொல்லி, பூங்காவை ஒட்டிய தெருவில் மர நிழலில் நிறுத்தினாள். இருவரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல், மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

ரொட்டிக்காரர் முழங்கையில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினார். பிறகு, “நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன்” என்றார். “உன்னை வலிக்க வச்சு எனக்கு என்ன சந்தோஷம்? பக்கத்துல படுத்தா ஆசை வருது. அதான் தள்ளிப் போனேன்.”

“நான் உங்களுக்குப் பிடிக்காம போயிட்டேன்னு நினைச்சேங்க.”

“பிடிக்காமயா? அந்த சோபாவுல படுத்து என் முதுகே கோணிப்போச்சு. பிடிக்காதவ வீட்டுல எவனாவது அதுல ரெண்டு வருஷம் படுப்பானா?”

மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுகையும்தான். ஆனால் அவள் கண்ணில் கண்ணீர் சுரக்காது, எரியத்தான் செய்யும். அவர் இறங்கிப் போய்ப் பூங்காக் குழாயில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். அவள் முகவாயை ஒரு கையால் நிமிர்த்தி, மறுகையால் கண்களில் சொட்டு மருந்து விட்டார். மூடி திறந்து தருவதற்காக அல்லாமல் அவர் அவளைத் தொட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

புதன்கிழமை என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாத்திரையின் அசதி அதற்குள் விலகியிருக்கும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பயிற்சிப் பள்ளிக்கு இடைவேளை. திங்களோடு விடுமுறை முடிகிறது, அதன் பிறகு மகள் நாலு மணிக்குத்தான் பள்ளியிலிருந்து வருவாள். காலை வலி மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரமும் அதுதான்.

கூடாது என்று தடை போட்டதுதான் தாமதம், இருவருக்கும் கல்யாணமான புதிதில்கூட இல்லாத தவிப்பு வந்துவிட்டது. முதல் புதன்கிழமை பதினொன்றரை மணிப் பாடத்தில் ஒரு மாணவர் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தார். பதினேழு வருடமாக மெதுவா, மெதுவா என்று மட்டுமே சொல்லிவந்த மாஸ்டரம்மா, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வேகமாகவே போகலாம் என்றாள். அவர் ஆடிப்போய்விட்டார்.

வீட்டில் ரொட்டிக்காரர் வெந்நீர் போட்டு வைத்திருந்தார். வீங்கிய மணிக்கட்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துப் பிடித்துவிட்டார். எவ்வளவு அழுத்தினால் மாவு கிழியும் என்று தெரிந்த கை, எங்கே அழுத்தக் கூடாது என்பதையும் சீக்கிரம் கற்றுக்கொண்டது. அன்று வெறுமனே படுத்துப் பேசினார்கள். இரண்டு வருடப் பேச்சு பாக்கி இருந்தது. மூன்றாவது புதன்கிழமை, அவள் முழங்காலுக்கு அடியில் வைக்க வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் கொண்டுவந்து அடுக்கினார். அந்தக் கோபுரம் சரிந்து, அதோடு அவரும் கட்டிலிலிருந்து சரிந்து, அவர் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டது. நோயாளி எழுந்து உட்கார்ந்து நோயில்லாதவருக்குக் கால் பிடித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து விலா எலும்பு வலித்ததுதான் அன்றைக்கு ஏற்பட்ட ஒரே வலி.

எல்லாப் புதனும் அப்படியில்லை. ஐந்தாவது புதன்கிழமை, தடை நீங்கிய முதல் நாள். ஆசை ஆசையாகக் காத்திருந்த அன்றைக்கென்று இரண்டு முழங்காலும் பூசணி மாதிரி வீங்கிவிட்டன. இன்னைக்கு முடியாதுங்க என்றாள். முன்பெல்லாம் இந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல்தான் பல்லைக் கடித்தாள். அவர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தார். ரொட்டி சுட்டு எடுத்துவந்தார். பிறகு சோபாவுக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டார். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஏழாவது புதன்கிழமை. ஜன்னல் திரை வழியாக மதிய வெளிச்சம் அறை முழுக்கப் பரவியிருந்தது. ஜெல் இருந்தது, ஒருக்களித்துப் படுக்கிற பழக்கம் வந்திருந்தது, அவசரம் இல்லை. வலிக்குதா என்று அவர் மெல்லக் கேட்டார். இல்லை என்றாள். ஒரு கணம் நிதானித்து, தன் உடம்பைத் தானே உன்னிப்பாகக் கவனித்துவிட்டு, “இல்லவே இல்லங்க” என்று மறுபடி சொன்னாள். அந்தச் சொல்லில் இருந்த ஆச்சரியத்தைக் கேட்டு அவர் தோள் குலுங்கியது. வலி இல்லாமல் போனது மட்டுமா? போயே போய்விட்டது என்று அவள் கைகழுவியிருந்த இன்பம் காலிலிருந்து தலைவரை ஏறி வந்தது. அன்று மூன்று மணிப் பாடத்துக்குப் பதினேழு வருடத்தில் முதன்முறையாகப் பத்து நிமிடம் தாமதமாகப் போனாள். டிராஃபிக் என்று சொன்னாள்.

அடுத்த முறை போனபோது மூட்டு டாக்டர் அவளைக் கண்டதும் எழுந்து போய்த் தானே கதவைச் சாத்தினார். டாக்டரம்மாவின் போன் வந்த நாளிலிருந்து தன் மனசு சரியில்லை என்று சொன்னார். கேட்டிருக்க வேண்டும், கூச்சப்பட்டுக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

“இருபத்தெட்டு மூட்டையும் எண்ணிப் பார்த்தீங்க டாக்டர்” என்றாள் மாஸ்டரம்மா. “அந்த மூட்டெல்லாம் ஒரு பொம்பளை உடம்புல இருக்குங்கறது மட்டும் விட்டுப்போச்சு.”

அவர் அதைத் தட்டவில்லை. நோயாளிகள் காத்திருக்கும்போது நிரப்புகிற படிவத்தில் ஒரு வரி கூடியது: தாம்பத்திய உறவில் வலியோ சிரமமோ உண்டா?

மூன்று மாதம் கழித்துக் காத்திருப்பு அறையில் மாஸ்டரம்மாவே அதைக் கண்ணால் பார்த்தாள். பக்கத்தில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, கன்னத்தில் சிவந்த தடிப்போடு, இதே மாதிரி சொந்த உடம்பையே அடிக்கிற லூபஸ் நோய்க்காரி. பேனா மற்ற கேள்விகளில் எல்லாம் ஓடிவிட்டு அந்த ஒரு வரியில் வந்து நின்றுகொண்டிருந்தது. உள்ளதை எழுதுங்க என்று மாஸ்டரம்மா காதோடு சொன்னாள். வாய்விட்டுக்கூடச் சொன்னதில்லை, எப்படி எழுதுவது என்று டீச்சர் கண் கலங்கினாள்.

“என் வண்டி கீழேதான் நிக்குது, வாங்க. கண்ணாடியை ஏத்திட்டா ஒரு சத்தம் வெளியே போகாது.”

டீச்சர் வந்தாள். அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவளும் எழுந்து கூடவே வந்தாள். எல் போர்டு மாட்டிய வண்டிக்குள் மூன்று பெண்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். நகராத வண்டியில் என்ன பாடம் நடக்கிறது என்று காவலாளிக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் அந்த வண்டியைத் தேடிப் பயிற்சிப் பள்ளிக்கே ஐந்து பேர் வந்தார்கள், வண்டியில் இடம் போதவில்லை. மாஸ்டரம்மா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். இரண்டாவது தேர்வில் ஓட்டுநர் உரிமம் வாங்கியிருந்த டாக்டரம்மா, ஒரு சனிக்கிழமை தானே வண்டி ஓட்டிக்கொண்டு பயிற்சிப் பள்ளிக்கு வந்து இறங்கினார்.

பாடம் நடக்கும் அறையில் இருபத்துமூன்று பெண்கள். சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். முதல் பத்து நிமிடம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாஸ்டரம்மா எழுந்து தன் கதையைச் சோபாவிலிருந்து தலையணைக் கோபுரம் வரை சொன்னாள். கோபுரம் சரிந்த இடத்தில் முதல் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா பேச ஆரம்பித்தார். பின்வரிசையில் அறுபத்துமூன்று வயது அம்மா ஒருத்தர் கைதூக்கி, இந்த வயதில் இதையெல்லாம் கேட்கலாமா என்றார். கேட்பதற்கு வயது வரம்பு கிடையாது என்று டாக்டரம்மா சொன்னார். “அப்போ முதல்ல அதைக் கழட்டுங்க” என்று அந்த அம்மா சுவரைக் காட்டினார். டாக்டரம்மாவின் தலைக்கு நேர் மேலே, சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ‘நுழையாதே’ படம் தொங்கிக்கொண்டிருந்தது. அறையே அதிர்ந்தது. ஒருத்தி சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து சரிந்து விழப் போனாள். அதற்குப் பிறகு கேள்விகள் மழையாகக் கொட்டின. கல்யாணமாகாத பெண் கேட்டாள், கல்யாணம் முறிந்தவள் கேட்டாள். ஆசையே வருவதில்லை என்று ஒருத்தி சொன்னாள். மருந்தா, அசதியா, மனச்சோர்வா, எதனாலும் இருக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று டாக்டரம்மா அவளுக்குத் தனியாக நேரம் குறித்துக்கொடுத்தார்.

எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒருத்தியின் கணவர் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். லூபஸ் டீச்சருக்கு வலி பாதிதான் குறைந்திருக்கிறது. மாஸ்டரம்மாவுக்கே போன மாதம் முழங்காலில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்த அறை நிரம்பத் தவறுவதில்லை.

போன வாரம் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருத்தி போன் செய்து, தங்கள் நோயாளிகளுக்கும் வந்து பேச முடியுமா, கணவன்மாரையும் உட்காரவைக்கலாம் என்று இருக்கிறோம் என்றாள். தேதியைக்கூடக் கேட்காமல் மாஸ்டரம்மா வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. ஆண்கள் பக்கம் யார் பேசுவது? முகம் பளபளக்க வீட்டுக்கு ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனிதர், கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?” என்றார்.